இருவாச்சியின் தலையில் கல்யாண முருங்கை

வாயுள்ளது எல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் குமிழம்பாடி என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் சடையன் என்பவர் பெரியதனம் பார்த்தார். பெரியதனம் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும் அவர் முன்னால் வந்து நிற்பார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு அவர் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனிதர்களுடைய வழக்கு மட்டும் என்றால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். ஆனால் அப்போது ஆடு மாடு, எறும்பு, ஓணான் எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் குறை சொல்லாமல் இருக்க முடியுமா? சடையன் எழுந்து முகம் கழுவுவதற்குள் ஊர்ப் புளியமரத்தடியில் வரிசை நின்றுவிடும்.

தான் இல்லாத நேரம் பார்த்துத் தன் கூட்டைக் காக்கை எட்டிப் பார்த்தது என்று தூக்கணாங்குருவி வரும். எட்டிப் பார்க்கும்படியாக ஏன் கட்ட வேண்டும் என்று காக்கை கேட்கும். தன்னைக் கட்டும் கயிறு பக்கத்து வீட்டு மாட்டுக் கயிற்றைவிட ஒரு முழம் குட்டை என்று ஒரு காளை வரும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கல்லுக்காக வழக்காட வந்த இரண்டு நத்தைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒன்று தன் பக்கத்தைச் சொல்லி முடிக்க ஒரு நாள் ஆனது. மற்றது மறுத்துப் பேச மறுநாள் ஆனது. நடுவில் சடையன் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் அவருக்குத் தாடி ஒரு சுற்று வளர்ந்தது என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பொழுது சாய்ந்ததும் சடையன் வீட்டுக்கு வருவார். கை கால் கழுவுவார். கொல்லைப்புறத்தில் ஒரு பலகையைப் போட்டு, வழியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்காருவார். வரும் வழியில் பொறுக்கிய ஏதாவது ஒரு கட்டையை மடியில் வைத்துக்கொண்டு சூரிக்கத்தியால் சீவ ஆரம்பிப்பார். வாயுள்ளது எல்லாம் பேசிய அந்த ஊரில் மரத்துக்கு மட்டும்தான் வாய் இல்லை. சீவச் சீவ அது சுருள் சுருளாக விழும். யார்மேலும் குறை சொல்லாது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் இரண்டும் இறங்கும். நெற்றியில் காலையிலிருந்து விழுந்திருந்த கோடு மறையும்.

அவர் செதுக்கியது எதற்கும் உதவாது. கரண்டி மாதிரி ஒன்று இருக்கும், அதில் குழி இருக்காது. நாலு கால் உள்ள ஏதோ ஒன்று இருக்கும், எந்தப் பக்கம் தலை என்று தெரியாது. அவருடைய மனைவி மயிலாத்தாள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

“ஏனுங், இது பெருச்சாளிங்களா?”

“தெரியலே புள்ள. கொஞ்சம் பொறு, அதுவே சொல்லும்.”

“அது சொல்றதுக்குள்ள அடுப்புக்கு வெறகு தீந்துருமுங்.”

சொன்னபடியே விறகு தீர்ந்த நாட்களில் அவள் பெருச்சாளியை அடுப்பில் வைத்துவிடுவாள். சடையன் அதற்காக வருத்தப்பட்டதில்லை. செதுக்கும்போது கிடைத்ததோடு அவருக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. என்ன செய்யப் போகிறோம் என்று அவர் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அளவு எடுப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை. உள்ளே இருந்து மயிலாத்தாள் “சாப்பிட வாங்க” என்று கூப்பிடுவாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கத்தி நின்றுவிடும், பாதிச் சீவலில் இருந்தாலும் சரி. அதற்குமேல் ஒரு சீவல்கூடச் சீவ மாட்டார். மறுநாள் அந்தக் கட்டையைத் தொடவும் மாட்டார், புதுக் கட்டைதான். அதனால் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. கொள்ளு வேகாமல் அடம் பிடித்த நாளில் அவர் செதுக்கியது விரல் அளவுக்கு மெலிந்துவிடும். கூழைக் கரைத்துக் கொதிக்கவிட்டு இறக்கிய நாளில் அது தொடை அளவுக்குத் தடித்து நிற்கும். செதுக்கியதைப் பார்த்தே அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஊருக்கு மேலே காட்டில் ஓர் இருவாச்சிச் சோடி இருந்தது. இப்போது நாம் பார்க்கிற இருவாச்சி இல்லை. உடம்பு இதே கறுப்பு, வால் இதே வெள்ளை, அலகு இதே நீளம். ஆனால் தலை மற்றப் பறவைகளுக்கு இருப்பதுபோல மொழுக்கென்று இருக்கும். தலைமேல் எதுவும் கிடையாது.

மாசி மாதம் பெண் இருவாச்சி ஓர் ஓங்கிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலைச் சேறு வைத்து அடைத்துக்கொண்டது. அது அவர்களுடைய குல வழக்கம். ஆண் பறவையின் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். உள்ளே போனதும் அதற்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு பொரித்துச் சிறகு முளைக்கும் வரை அது பறக்க முடியாது. ஆண் பறவை அத்திப்பழத்தைக் கொத்திக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். தன் புருசன் அலகைத் தவிர வேறு யார் அலகிலிருந்தும் அது வாங்காது. அந்த வருசம் உள்ளே இரண்டு குஞ்சு பொரித்திருந்தது.

குஞ்சு பொரித்த நாலாம் நாள் காலையில் காட்டில் பெருங்காற்று அடித்தது. காய்ந்த மூங்கில் ஒன்று முறிந்து ஆண் இருவாச்சியின் மூக்கின் மேல் விழுந்தது. மேல் அலகு அடியிலிருந்து நடு வரைக்கும் பிளந்துவிட்டது. பழத்தைக் கொத்தினால் அலகு விரிந்து பழம் கீழே விழுந்தது. பிற்பகல் வரை மரம் மரமாகப் போய் இருபது பழம் கொத்தியும் இருபதும் விழுந்தன. பொந்துக்குள் இருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் அதற்குக் கேட்டது. அது உடனே ஊருக்குப் பறந்தது.

முதலில் மருதாசாரியிடம் போனது. கலப்பையும் கதவும் செய்கிற ஆசாரி அவர், கெட்டிக்காரர். பறவையின் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மேல ஒரு மரக்கட்டு போட்டாத் தாங்கும். ஆனா மரத்த வெட்டி ஒரு வருசம் நெழல்ல காய வெக்கோணும். பச்ச மரம் வெடிச்சுப் போயிரும். உனக்கு ஏத்த மரமா என்றகிட்ட இப்ப ஒண்ணுமில்லே.”

“ஒரு வருசமுங்களா? அங்க பொந்துக்குள்ள புள்ளைங்க கத்துதுங்க.”

ஆசாரி பெரியதனக்காரர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “ஒண்ணு பண்ணு. பெரியதனக்காரரு ஊட்டுக் கொல்லப்பொறம் போய்ப் பாரு. எதுக்கும் ஆகாத மரமாப் பொறுக்கிச் சேத்து வெச்சிருப்பாரு. நாங்க செய்யாதத அவரு செய்வாரு” என்றார். இதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. அவசரத்தில் இருந்த பறவைக்கு அது உறைக்கவில்லை.

அது வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நத்தைகளின் வழக்கில் இரண்டாம் நாள் முடிந்து சடையன் வீட்டுக்கு வந்து, பலகையைப் போட்டு உட்கார்ந்து, மஞ்சக்கடம்புக் கட்டை ஒன்றைச் சீவ ஆரம்பித்திருந்தார். மயிலாத்தாள்தான் வேலிப் படலருகே வந்தாள்.

“பொழுது சாஞ்சிருச்சுங். இந்நேரத்துல அவிய வழக்குக் கேக்க மாட்டாங்க. காத்தால புளியமரத்தடிக்கு வாங்க.”

“வழக்கில்லீங் ஆத்தா. எம் பொண்டாட்டி...”

புருசன் பொண்டாட்டி வழக்கு என்று மயிலாத்தாள் நினைத்துக்கொண்டாள். வருகிற வழக்குகளில் பாதி அதுதான். “அதெல்லாம் வெடிஞ்சு நிதானமாப் பேசிக்கலாமுங். ஒரு ராத்திரி போனா எந்த வழக்கும் சின்னதாகிப் போயிரும், பாருங்க” என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள்.

சடையனுக்கு இது காதில் விழுந்தது. வந்திருக்கும் குரலில் காற்றுப் போகிற மாதிரி ஒரு பிசிறு இருந்ததையும் அவர் கவனித்தார். தலை நிமிர்ந்தால் யார் என்று தெரிந்துவிடும். யார் என்று தெரிந்தால் என்ன என்று கேட்க வேண்டிவரும். அப்போது அவர் கையில் ஒரு சீவல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒருவருக்காகத் தலை நிமிர்ந்தால் நாளைக்குக் காளை வரும், அதற்கு மறுநாள் நத்தைகளே கொல்லைக்கு வந்துவிடும் என்று நினைத்தார். நாள் முழுக்க எல்லோருக்கும் கொடுத்தது போக இந்த ஒரு நாழிகைதான் தனக்கென்று மிச்சம் என்றும் நினைத்தார். தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். படலருகே சிறகடிக்கும் ஓசை கேட்டது, பிறகு கேட்கவில்லை. சீவல் முழம் நீளத்துக்கு வந்து விழுந்தது.

மறுநாள் காலையில் இருவாச்சி புளியமரத்தடி வரிசையில் நின்றது. முறை என்றால் முறைதான், யாரும் யாரையும் முந்தக் கூடாது என்பது சடையன் வைத்த சட்டம். அதற்கு முன்னால் நத்தைகள் இருந்தன. நத்தைகளுக்கு அன்றைக்கு மூன்றாம் நாள். வெயில் உச்சிக்கு ஏறியது, இறங்கியது. பறவையின் முறை வந்தபோது புளியமரத்து நிழல் ஊர்க்கிணற்றைத் தொட்டிருந்தது.

“யாரு மேல வழக்கு?” என்று கேட்டார் சடையன்.

“யாரு மேலயும் இல்லீங். என்ற மூக்கு ஒடஞ்சு போச்சு. பழத்தக் கொத்த முடியலீங். அவளும் புள்ளைங்களும் நேத்துக் காத்தாலயிருந்து ஒண்ணுந் திங்கல. நேத்துப் பொழுதோட உங்க ஊட்டுக்கு வந்தனுங்.”

சடையனுக்கு அந்தப் பிசிறு குரல் ஞாபகம் வந்தது. ஒரு தடவை பறவையைப் பார்த்தார், ஒரு தடவை மலையைப் பார்த்தார்.

“என்னால முடியுமான்னு தெரியலயப்பா. நான் ஆசாரி இல்லே. அளவெடுத்து ஒரு நாளும் எதையும் செஞ்சதில்லே. இன்னாருக்கு இன்னதுன்னு நெனச்சாவே அது வேலையாப் போயிரும், என்ற கை ஓடாது. நாள் பூரா வேலை செய்யற கையி அது, மரத்துக்கிட்டப் போனாத்தான் கொஞ்சம் சும்மா இருக்கும்.”

இது சாக்கு இல்லை. அவர் சொன்னது உண்மை என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்தது. இருவாச்சிக்கும் தெரிந்தது.

“அப்ப எனக்குன்னு செய்யாதீங்க” என்றது அது. “தெனமும் பண்றாப்பல உக்காந்து சீவுங்க. நான் எதுத்தாப்பல சும்மா உக்காந்துக்கறனுங். வாயத் தொறக்க மாட்டேன். எது வருதோ அத வெச்சுக்கறனுங்.”

சடையன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கு இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். அடுத்து வாய் திறக்க இருந்த நத்தை ஒன்று அதற்கு மறுப்புச் சொல்ல ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொல்லையில் ஒரு கல்யாண முருங்கைக் கட்டை போன வருசத்திலிருந்து கிடந்தது. நெட்டி மாதிரி எடையே இல்லாத மரம். அடுப்பில் வைத்தால் எரியாது, புகைதான் வரும் என்று மயிலாத்தாள் ஒதுக்கிப் போட்டிருந்தாள். கிடந்து கிடந்து அது நன்றாகக் காய்ந்திருந்தது. சடையன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பறவை எதிரே வேலிக்காலில் உட்கார்ந்தது. சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

முதலில் அவர் கை தயங்கியது. இரண்டு சீவலுக்குப் பிறகு பழகிய பாதைக்கு வந்துவிட்டது. கட்டையை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை எடுத்து உள்ளே குடைய ஆரம்பித்தார். வெளிப்பக்கத்தை அவர் இன்னும் தொடவில்லை. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கை நினைத்தது. எப்போதும் அப்படித்தான், கொள்ளு வேக நேரம் இருக்கிறது.

உள்ளே மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் நடந்தது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று அந்தப் பறவையைப் பேசவிடாமல் அனுப்பியது தான்தான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் சாவகாசமாகச் சீவிக்கொண்டே இருப்பார், சாப்பாடு ஆனால்தான் நிறுத்துவார், அதுவரை அங்கே பொந்துக்குள் ஒரு தாயும் பிள்ளைகளும் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கொள்ளை ஊறப் போட்ட பாத்திரத்தை அப்படியே ஓரமாகத் தள்ளினாள். கம்பு மாவைக் கரைத்து ஊற்றி, அடுப்பை ஊதி ஊதி எரியவிட்டு, ஒரே கொதியில் இறக்கினாள்.

“சாப்பிட வாங்க!” என்று கத்தினாள்.

கத்தி நின்றது. கலியாணம் ஆன நாளிலிருந்து பழகிய பழக்கம், சடையன் நினைத்து நிறுத்தவில்லை. தன் கையில் இருந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளே சுத்தமாகக் குடைந்தாகிவிட்டது. வெளியே கட்டை கட்டையாகவே இருந்தது. குப்புறக் கவிழ்த்த தோணிபோலப் பெரிதாக, முன்னும் பின்னும் முட்டிக்கொண்டு நின்றது. மயிலாத்தாள் சட்டியோடு வாசலில் வந்து நின்று அதைப் பார்த்தாள். தான் செய்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஐயோ, இன்னும் நாலு சீவு சீவுங்க” என்றாள்.

சடையன் கத்தியை எடுக்கப் போனார். பறவை வேலிக்காலிலிருந்து இறங்கி அவர் காலடியில் வந்து நின்றது.

“வேண்டாமுங். பொழுது போகுது. இப்படியே வையுங்க.”

அரக்கை அடுப்பில் காட்டி உருக்கி, பிளந்த அலகின்மேல் மரத்தை வைத்து ஒட்டினார்கள். அடுப்புக் கரி கலந்த அரக்கு விளிம்பில் வழிந்து கறுப்பாக உறைந்தது. மயிலாத்தாளுக்கு மனம் கேட்கவில்லை. காயம் என்றால் மஞ்சள் போட வேண்டும் என்று அரைத்து எடுத்து வந்தாள். அலகில் போட்டாள், மரத்தில் போட்டாள், அவசரத்தில் கழுத்தெல்லாம் அப்பிவிட்டாள். இருவாச்சி ஒரு தடவை அலகைத் திறந்து மூடிப் பார்த்தது. பிடித்தது. வேலியோரம் இருந்த அத்திமரத்தில் ஒரு பழம் கொத்தியது. பழம் விழவில்லை.

பறக்கத் தொடங்கியதும் தலை முன்னால் இழுத்தது. அதைச் சமாளிக்க இறக்கையை ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. உமி புடைக்கிற ஓசைபோல ஊரெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. வேலையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலையில் ஒரு தோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பறவை மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பலர் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தச் சத்தம் ஊருக்கு மேலே போகும், மாலையில் திரும்பும். சடையன் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்தார். அவர் செதுக்கியதில் ஒன்று முதல்முறையாக எதற்கோ உதவியிருக்கிறது. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வழக்கு நடுவில்கூட “அது என்ற மரம்தான்” என்று சொல்லிக்கொண்டார். மருதாசாரியே ஒருநாள் வந்து, காயாத மரமா காய்ந்த மரமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சித்திரை கடைசியில் ஒருநாள் காலை, புளியமரத்தடி வரிசையில் ஒரு பெண் இருவாச்சி நின்றது. புதுச் சிறகு முளைத்து அப்போதுதான் பொந்தை உடைத்து வெளியே வந்திருந்தது. பக்கத்தில் ஒரு குஞ்சு. கொஞ்சம் தள்ளி அதன் புருசன். சடையன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். வரிசையை விட்டு முன்னால் வரச் சொன்னார். பெண் பறவை வரவில்லை, தன் முறைக்காகக் காத்து நின்றது.

முறை வந்தது.

“வா தாயி. சொல்லு” என்றார் சடையன் சிரித்துக்கொண்டே.

“வழக்குக்கு வந்திருக்கறனுங்.”

“யாரு மேல?”

“உங்க மேலீங்.”

வரிசையில் இருந்தவை எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தன.

“பொந்துக்குள்ள ரெண்டு புள்ளைங்க இருந்துச்சுங்” என்றது பெண் இருவாச்சி. குரலை உயர்த்தவில்லை. “மொத நாள் பூரா கத்துச்சுங்க. நான் என்ற வாயில இருந்த ஈரத்தக் குடுத்தேன். மறுநாள் உச்சி வெயில்ல சின்னது கத்தறத நிறுத்திருச்சுங். பொழுதோட இவரு பழத்தோட வந்தாரு. மொத நாள் பொழுதோட வந்திருந்தா ரெண்டும் தின்னிருக்குமுங். மொத நாள் பொழுதோட இவரு உங்க ஊட்டு வேலிகிட்ட நின்னாருன்னு சொன்னாரு. நீங்க உள்ளதான் இருந்தீங்களா?”

சடையன் ஆண் பறவையைப் பார்த்தார். ஒன்றரை மாதமாகத் தினமும் ஊருக்கு மேலே பறந்தும் அது இதைச் சொல்லவே இல்லை. அது வேறு பக்கம் பார்த்தது.

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து மயிலாத்தாள் ஓடி வந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். “நாளைக்கு வாங்கன்னு சொன்னது நானுங். அவிய மேல தப்பில்லே. தண்டனை எதுன்னாலும் எனக்குக் குடுங்க.”

“சொன்னது நீதான்” என்றார் சடையன். “அதக் கேட்டுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தது நான். கூப்புட்டது காதுல விழுந்துச்சு. விழலேன்னு வெச்சுக்கிட்டேன். தப்பு என்மேலதான், வேற யாரு மேலயும் இல்லே.” பிறகு பெண் பறவையைப் பார்த்து, “என்ன வேணும்னு நீயே கேளு தாயி. கத்தியத் தூக்கி ஆத்துல போடுன்னாலும் போட்டர்றேன்” என்றார்.

பெண் பறவை தன் குஞ்சை ஒரு பார்வை பார்த்தது.

“கத்தியப் போட்டறாதீங்க. அது இல்லாட்டி இதுவும் போயிருக்குமுங். உக்காந்து சீவுங்க, அது உங்க பொழுது. ஒருத்தரு வந்து நின்னாத் தலையத் தூக்கிப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.” பிறகு புருசனுடைய தலையைக் காட்டியது. “இன்னும் ஒண்ணு. இதப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்க. எங்க ரெண்டு பேருத்துக்காகத்தான் இவரு இதச் சொமக்கறாரு. இவரு மட்டும் எதுக்குங்க சொமக்கோணும்? எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க.”

அன்று மாலை சடையன் மிச்சமிருந்த பாதிக் கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை பலகையைத் திருப்பி வழியைப் பார்த்துப் போட்டிருந்தார். மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவரைச் சாப்பிடக் கூப்பிட அன்றைக்கு யாரும் இல்லை. கண்ணுக்குக் கத்தி தெரிகிற வரைக்கும் அவர் சீவிக்கொண்டே இருந்தார். அதனால் பெண் பறவைக்கு வந்தது சிறியதாக, மெலிந்து போயிருந்தது. அதையும் அரக்கு வைத்து ஒட்டினார்கள். மஞ்சளை மயிலாத்தாள் தன் கையாலேயே பூசினாள்.

பிறகு பேச்சு எல்லாம் போய்விட்டது. ஆடு மாடு, காக்கை, நத்தை எல்லாம் எப்போது வாயை மூடின என்பது வேறு கதை. இருவாச்சியும் பேசுவதில்லை. ஆனால் அதன் தலைமேல் உள்ளே குடைந்தாற்போல, வெளியே பெரிதாக, கறுப்பு விளிம்போடு மஞ்சளாக ஒன்று இன்றும் இருக்கிறது. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. பறந்தால் ஊருக்கே கேட்கிறது. பொந்துக்குள் போகிற பெண் பறவை இரண்டு முட்டை இடுகிறது. சேற்றை உடைத்து வெளியே வரும்போது பெரும்பாலும் ஒரு குஞ்சோடுதான் வருகிறது.

வீட்டில் சும்மா பொழுதுக்கு மரம் சீவுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கவனித்துப் பாருங்கள். நாலு சீவலுக்கு ஒரு தடவை கத்தியை நிறுத்தி, தலை நிமிர்ந்து, வாசலைப் பார்ப்பார்கள். கழுத்து வலிக்கிறது என்று சொல்வார்கள். அங்கே யாரும் நிற்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மறுபடி குனிவார்கள். இருவாச்சி வழக்குக்கு வந்த அன்றிலிருந்துதான் மரம் சீவுகிற கைக்கு இந்தப் பழக்கம்.